வெளியேறும் வழிக்கு விளக்கேற்றும் பேராசிரியர்

இந்த இதழின் சென்ற எண்ணில், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், பல்கலைக்கழகம் புகுந்த மலையகப் பிள்ளைகள் பட்டம் முடிக்காமல் ஏன் திரும்பி வருகிறார்கள் என்று பக்கம் பக்கமாக ஆராய்ந்து, நாடி பிடித்து நோயைச் சொல்லி, மருந்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். பெயரைக் குறிப்பிட்டு இன்னொரு தடவை அவரை அச்சிலேற்றும் உத்தேசம் எனக்கில்லை. படித்தவர்களுக்கு ஆளைத் தெரியும், படிக்காமல் விட்டவர்கள் புண்ணியம் செய்தவர்கள். தெரணியகலையில் இறப்பர் மரங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு இதற்கெல்லாம் பதில் எழுத வேண்டுமா என்று நண்பர்கள் கேட்டார்கள். எழுதத்தான் வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட கட்டுரைகள் கட்டுரைகளாகவே செத்துப்போவதில்லை. இரண்டு வருடம் கழித்து ஏதாவதொரு குழுவின் சிபாரிசாகவும், அதற்கும் இரண்டு வருடம் கழித்து ஒரு சுற்றறிக்கையாகவும் உயிர்த்தெழுந்துவிடும். அப்போது எதிர்த்துப் பேசினால், அன்றைக்கு எங்கே போயிருந்தீர்கள் என்பார்கள்.

சைவ சித்தாந்திகள் வாதத்தில் இறங்கினால் பரபக்கம் என்று ஒன்றை முதலில் வைப்பார்கள். எதிராளியின் கட்சியை, அவனே ‘ஆமாம், இதுதான் நான் சொன்னது’ என்று தலையாட்டும் விதமாகச் சொல்லி முடித்துவிட்டு, அப்புறம்தான் கத்தியை எடுப்பார்கள். அந்த மரியாதையை நானும் காட்டிவிடுகிறேன். பேராசிரியரின் கட்சி இது: தோட்டத்துப் பிள்ளைகள் மாவட்டக் கோட்டாவின் தயவில் உள்ளே வருகிறார்கள், ஆகவே தரத்தில் தாழ்ந்தவர்கள். கல்வி இலவசம், மகாபொல உதவித்தொகையும் இருக்கிறது, ஆகவே பணத்தைச் சாட்டாகச் சொல்ல முடியாது. ஆங்கிலமும் கிடையாது, பல்கலைக்கழகச் சமூகத்தோடு ஒன்றிப்போகும் மனமும் கிடையாது, ஆகவே ஒதுங்கி ஒதுங்கி ஒருநாள் காணாமல் போகிறார்கள். பரிகாரம்: பட்டத்தைத் துண்டு போட்டு, ஒரு வருடத்தோடு போகிறவருக்கு ஒரு சான்றிதழ், இரண்டு வருடத்தோடு போகிறவருக்கு ஒரு டிப்ளோமா என்று கையில் கொடுத்து அனுப்பினால் இடைவிலகல் என்ற பேச்சுக்கே இடமிராது. நான் எதையும் திரிக்கவில்லை. மூன்று ‘ஆகவே’யும் அவருடையவைதான்.

முதல் ‘ஆகவே’யை எடுத்துக்கொள்வோம். எந்த மாவட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பது பேராசிரியருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். மலையகம் என்றால் அவருக்கு நுவரெலியா. பதுளை ரயில் ஜன்னலில் தெரிகிற பச்சை. சப்ரகமுவையிலும் தோட்டங்கள் உண்டு, அங்கேயும் தமிழர்கள் பரம்பரை பரம்பரையாக இறப்பர்ப் பால் வெட்டுகிறார்கள், கொழுந்து எடுக்கிறார்கள் என்பது அவருடைய வரைபடத்தில் இல்லை. ஆகையால் ஒரு சின்னப் புவியியல் பாடம். மாவட்ட அடிப்படை உள்ள கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிட்ட 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் நுவரெலியா இருக்கிறது, பதுளை இருக்கிறது, மொனராகலை இருக்கிறது, இரத்தினபுரியும் இருக்கிறது. கேகாலை இல்லை. தெரணியகலை எந்த மாவட்டம், பேராசிரியர் ஐயா? கேகாலை!

மாலிபொடப் பக்கத்திலோ நூரிப் பக்கத்திலோ ஒரு லயத்தில் பிறந்த பிள்ளை, மலைக்கு அந்தப் பக்கம் பிறந்திருந்தால் இரத்தினபுரிக்காரி. அந்த 5 வீதத்தில் அவளுக்கும் ஒரு பங்கு. இந்தப் பக்கம் பிறந்த குற்றத்துக்காக, கேகாலை நகரத்தில் கேகாலு வித்தியாலயத்திலும் சென் மேரிஸ் கல்லூரியிலும் எல்லா வசதியோடும் படித்த பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நின்று, அதே வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். தமிழ்மொழி மூலம் உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்கும் பாடசாலைகள் சப்ரகமுவையில் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால், என்ன படிப்பது என்ற தெரிவும் பெரும்பாலும் அவளுடையதல்ல. இத்தனையும் தாண்டி உள்ளே வந்தவளைப் பார்த்துக் கோட்டாவில் வந்தவள் என்கிறார், தலைநகரத்துப் பாடசாலையிலிருந்து பேராதனைக்கு நேரே போன ஒரு மனிதர். பின்கதவு எங்கே இருக்கிறது என்று காட்டினால் நாங்களும் ஒருதரம் பார்த்துவைத்துக்கொள்வோம்.

இதில் இன்னொரு வேடிக்கை. கட்டுரையின் தொடக்கத்தில் 1970களின் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலை நினைத்துக் கண்ணீர் விடுகிறார். நியாயம்தான், அது யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இழைத்த அநீதியை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தமிழரை வஞ்சிக்கத்தான் கோட்டாவே பிறந்தது என்று முதல் பக்கத்தில் புலம்புகிறவர், நாலாம் பக்கத்தில் அதே கோட்டாவால் தமிழ்ப் பிள்ளைகள் தகுதியில்லாமல் உள்ளே வந்துவிட்டார்கள் என்று எப்படி முறைப்பட முடியும்? வஞ்சிக்கப்பட்டவரும் சலுகை பெற்றவரும் ஒரே தமிழரா, அல்லது தமிழரில் இரண்டு சாதி உண்டா? இரண்டாவதுதான் அவர் மனத்தில் இருப்பது. அதை வெளியே சொல்லக் கூச்சமாக இருப்பதால் தரம், திறமை, தகைமை என்று சுற்றிவளைத்துப் பேசுகிறார்.

போகட்டும், கோட்டாவிலேயே வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். யார் உள்ளே வந்தார்கள் என்பதைத்தான் கோட்டா சொல்லும். ஏன் வெளியே போனார்கள் என்பதை எப்படிச் சொல்லும்? அதற்குப் புள்ளிவிபரம் வேண்டும். பேராசிரியரிடம் இருக்கிறதா? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் வெளியிடும் அனுமதிக் கணக்கு மாவட்டவாரியானது. தோட்டம் என்று அதில் ஒரு நிரல் கிடையாது. வறுமையை எண்ணும்போதோ இதே அரசாங்கம் நகரம், கிராமம், தோட்டம் என்று நாட்டை மூன்றாகப் பிரிக்கிறது. 2019 ஆம் ஆண்டுக் குடும்ப வருமான செலவினக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை 14.3 வீதம், தோட்டத்தில் 33.8 வீதம். வறுமைக்கு நிரல் போடத் தெரிந்தவர்களுக்குப் பட்டத்துக்கு நிரல் போடத் தெரியாதா என்று கேட்டிருந்தால் அது ஆராய்ச்சி. நிரலே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு பெரும்பாலான தோட்டத்துப் பிள்ளைகள் என்று ஆரம்பிக்கும் வாக்கியத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது ‘ஆகவே’க்குக் கொஞ்சம் ஆற அமர உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பேராசிரியர் அந்தப் பக்கமே போகவில்லை. கல்வி இலவசம் என்கிறார். கல்வி அமைச்சர் கன்னங்கரா 1945 இல் கொண்டுவந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போனது. துரைமாரின் தயவில் கிடந்த அந்தப் பாடசாலைகளை அரசு பொறுப்பெடுத்தது 1970களில்தான். அதாவது பேராசிரியரின் குடும்பத்துக்கு இலவசக் கல்வி கிடைத்து ஒரு தலைமுறை கழிந்த பிறகுதான் எங்களுக்கு ஒரு கரும்பலகை கிடைத்தது. இதை அவர் ஒரு வரியில்கூட எழுதவில்லை. அதுவும் போகட்டும், அண்மைக் கணக்குக்கு வருவோம்.

அமைச்சர் லலித் அத்துலத்முதலி 1981 இல் சட்டமாக்கிய மகாபொல, நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பின் விலைவாசி ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய 70 வீதம் ஏறி நின்றபோதும் அது மாதம் 5,000 ரூபாயாகவே இருந்தது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆனது. தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குப் பேர் என்று பெயர். நிறை கிலோ எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படைச் சம்பளம் பேருக்கு 1,350 ரூபாயாக இருந்தது. ஆக, அந்தக் கணக்கில் உயர்த்திய மகாபொல என்பது ஐந்தரைப் பேர். மாதத்துக்கு ஐந்தரை நாள் சம்பளத்தில் ஒரு பிள்ளை பெலிஹுல்ஓயாவிலோ பேராதனையிலோ அறை எடுத்து, மூன்று வேளை சாப்பிட்டு, போட்டோகொப்பி எடுத்து, ஃபோனுக்கு டேட்டா போட்டு, வீட்டுக்கும் வந்துபோக வேண்டியிருந்தது. அதுவும் பன்னிரண்டு மாதமும் கிடையாது, பத்து மாதம்தான். அந்தப் பத்தும் உரிய தேதியில் வந்ததாகச் சரித்திரம் கிடையாது. முதல் தவணை பெரும்பாலும் முதல் பரீட்சைக்குக் கிட்டத்தில்தான் கண்ணில் படும். அதற்கு முந்திய மாதங்களை யார் தாங்குவது? அம்மாவின் தோடு தாங்கும். அவிசாவளை அடகுக் கடைக்காரருக்குத் தெரியும், எந்த மாதத்தில் கெம்பஸ் திறக்கிறது என்று.

இனி, தெரணியகலையின் மழை. இது பேராசிரியருக்குப் பிடிபடாத விஷயம், ஆகையால் விளக்கமாகவே சொல்கிறேன். இறப்பர் மரத்தில் பட்டை நனைந்திருந்தால் வெட்டக்கூடாது. வெட்டினால் பால் கோட்டில் நிற்காமல் பட்டை முழுக்கப் பரவி வழிந்து வீணாய்ப் போகும். விடிய மழை பெய்தால் அன்றைக்குப் பால் வெட்டு இல்லை. வேறு வேலை கொடுத்தால் கொடுப்பார்கள், கொடுக்காவிட்டால் அன்று பேர் இல்லை. இந்த ஊர் மழைக்குப் பேர்போன ஊர். தென்மேல் பருவம் தொடங்கினால் சீதாவக்கை ஆறு கலங்கி இரைகிற சத்தத்தில் பெரட்டு மணியே கேட்காத நாட்கள் உண்டு. அந்த மாதங்களில் ஒரு வெட்டுக்காரரின் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்க்க வேண்டும்: போட்ட பேர் ஒரு பத்தோ பன்னிரண்டோ, கழித்த அட்வான்ஸ், கழித்த அரிசி, கழித்த கோயில் காசு, கையில் மிஞ்சியது என்று கடைசியில் எழுதியிருக்கும் அந்தச் சின்ன எண். அந்த எண்ணிலிருந்துதான் போர்டிங் வாடகை போக வேண்டும். போர்டிங்காரருக்கு மழைக்காலம் வெயில்காலம் கிடையாது. பேராசிரியரின் கண்ணுக்கு இது ஊக்கக் குறைவாகத் தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. மகாபொலவுக்குக் குடும்ப வருமானம் பார்க்கிறார்கள். தோட்டத் தொழிலாளியின் வருமானம் கடைசிச் சதம் வரைக்கும் சீட்டில் இருக்கிறது, சேமலாப நிதிக் கணக்கில் இருக்கிறது, ஒளிக்க இடமில்லை. டவுனில் மொத்தக் கடை வைத்திருப்பவரின் வருமானம் அவர் வாயால் சொல்வதுதான். யாருடைய ஏழ்மைக்குச் சான்று கேட்கிறார்கள், யாருடைய சொல்லை நம்புகிறார்கள் என்று ஒரு சமூகவியலாளர் ஆராய்ந்தால் என்ன குறைந்துவிடும்?

ஆனால் பணத்தைவிடப் பெரிய ஓட்டை வேறொரு இடத்தில் இருக்கிறது. இடைவிலகல் பற்றி இவ்வளவு எழுதியவர் அதைத் தொடவேயில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 2022 ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை நடந்தது 2023 ஜனவரியிலும் பெப்ரவரியிலும். பெறுபேறு வந்தது செப்டெம்பரில். பிறகு விண்ணப்பம், வெட்டுப்புள்ளி, பதிவு, எந்தப் பீடம் எப்போது திறக்கும் என்ற இழுபறி. பரீட்சை மண்டபத்தைவிட்டு வெளியே வந்ததிலிருந்து விரிவுரை மண்டபத்துக்குள் போகும்வரை ஒரு வருடம், ஒன்றரை வருடம், சிலருக்கு அதற்கும் மேல். அந்த இடைவெளியில் கொழும்பு வீட்டுப் பிள்ளை கணினி வகுப்புக்கும் ஆங்கில வகுப்புக்கும் போகும். லயத்துப் பிள்ளை எங்கே போகும்? புறக்கோட்டைத் துணிக்கடைக்கு, தெஹிவளை ஹோட்டலுக்கு, கார்மென்ட்ஸுக்கு. மாதா மாதம் வீட்டுக்குக் காசு அனுப்பும். அந்தக் காசை நம்பித் தம்பிக்கு டியூஷன் தொடங்கிவிடும், சீட்டுப் பிடித்தாகிவிடும், கூரைக்குத் தகரமும் வாங்கியாகிவிடும். அப்போதுதான் பல்கலைக்கழகக் கடிதம் வரும். அதுவும் லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது என்பதால் தோட்ட ஆபீசுக்கு வந்து, யாராவது மனசு வைத்தால் கைக்கு வரும். நகரத்துக் குடும்பத்தில் அந்தக் கடிதம் ஒரு பிள்ளையை மாணவனாக்குகிறது. லயத்தில் அது உழைக்கிற ஒரு ஆளை வீட்டுக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. முதல் வருடம் பாதியில் திரும்பி வருகிறவர்களில் பலர் பாடம் விளங்காமல் திரும்பவில்லை, விட்டுவிட்டு வந்த கடையிலிருந்து முதலாளி ஃபோன் பண்ணியதால் திரும்புகிறார்கள். இப்படித் திரும்பியவர்களில் நான் உயர்தரத்துக்குப் படிப்பித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒருவருக்கும் மூளையில் கோளாறு இருந்ததாக ஞாபகமில்லை.

மூன்றாவது ‘ஆகவே’யில் பேராசிரியர் தன் படிப்பைக் காட்டுகிறார். அமெரிக்க ஆய்வாளர் வின்சன்ட் டின்டோ என்கிறார், ஒன்றிணைவுக் கோட்பாடு என்கிறார், மாணவர் எவ்வளவுக்குப் பல்கலைக்கழகத்தின் கல்வி வாழ்விலும் சமூக வாழ்விலும் ஒட்டுகிறாரோ அவ்வளவுக்குத் தங்குவார் என்கிறார். அடுத்த பத்தியிலேயே, அளவோடு நடக்கும் பகிடிவதை அந்த ஒட்டுதலுக்கு உதவும், தோட்டத்துப் பிள்ளைகள் அதற்கு முகங்கொடுக்காமல் ஒதுங்குவதுதான் பிரச்சினை என்றும் எழுதிவிடுகிறார். எழுதும்போது கை நடுங்கவில்லையா?

டின்டோவை அவர் எவ்வளவு தூரம் படித்தார் என்று எனக்குத் தெரியாது. அட்டையைத் தாண்டியிருக்க வேண்டும் என்று நம்புகிறேன். 1975 இல் டின்டோ தன் கோட்பாட்டுக்கு அடித்தளமாக எடுத்தது எமில் துர்க்கைமின் தற்கொலை ஆய்வை. சமூகத்தோடு பிணைப்பு அறுந்தவன் உயிரை விடுவதைப் போல நிறுவனத்தோடு பிணைப்பு அறுந்தவன் படிப்பை விடுகிறான் என்பது ஒப்புமை. 1987 இன் நூலில் அதனோடு வான் கெனெப்பின் சடங்குக் கோட்பாட்டையும் சேர்த்தார்: பழைய கூட்டத்தைப் பிரிவது, நடுவே தத்தளிப்பது, புதிய கூட்டத்தில் சேர்வது. இதற்கு வில்லியம் டியர்னி 1992 இலேயே பதில் எழுதிவிட்டார். அமெரிக்கப் பூர்வகுடி மாணவர்களை வைத்து அவர் கேட்டது எளிய கேள்வி: ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குத் தானே நடத்துகிற சடங்கை, வேறொரு சமூகத்துப் பிள்ளைக்கு நடத்தி, அவன் தேறவில்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? அப்படிப் பார்த்தால் விலகிப்போவது மாணவனின் குறை, ஒட்டவைக்கத் தெரியாதது நிறுவனத்தின் குறை அல்ல என்றாகிவிடுமே? பேராசிரியர் செய்திருப்பது அச்சொட்டாக அதைத்தான், முப்பது வருடம் பிந்தி.

புத்தகத்தை மூடிவிட்டு நாட்டைப் பார்ப்போம். 1997 இல் பேராதனைப் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதைக்குப் பிறகு சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். 1998 இல் பகிடிவதையைத் தடைசெய்யும் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்து இத்தனை காலத்துக்குப் பிறகும், 2025 ஏப்ரலில் நேர்ந்த சப்ரகமுவப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் மரணத்தை ஒட்டிப் பகிடிவதைக் குற்றச்சாட்டில் கைதுகள் நடந்தன. பெலிஹுல்ஓயா எங்களுக்குத் தூரத்து ஊர் அல்ல. அவிசாவளைக்கு இறங்கி, இரத்தினபுரி, பலாங்கொடை என்று பஸ் பிடித்துப் போய் வருகிற இடம், எங்கள் மாகாணத்தின் பெயரையே தாங்கிய பல்கலைக்கழகம். இதற்குப் பிறகும் அளவோடு நடக்கும் பகிடிவதை என்று ஒருவர் எழுதுகிறார் என்றால், அந்த அளவு எது, எந்த உறுப்பு செயலிழக்கும்வரை அது அளவுக்குள் அடங்கும் என்பதையும் அவரே சொல்லிவிட்டால் பெற்றோருக்கு உபகாரமாக இருக்கும்.

ஆங்கிலத்தைப் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் போதாது, உண்மை. பேராசிரியருக்குத் தெரியாத இன்னொரு உண்மை, சப்ரகமுவைத் தோட்டத்துப் பிள்ளை பெரும்பாலும் சிங்களம் பேசும். தோட்டத்தைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள், கடையிலும் பஸ்ஸிலும் சிங்களம். பலர் படிப்பதே சிங்களப் பாடசாலையில். இரண்டு மொழியில் வாழ்கிற பிள்ளையைப் பார்த்து மொழி வராதவள் என்று தீர்ப்பளிப்பவருக்கு எத்தனை மொழி வரும்? மூன்றாவது மொழி கற்கக் காலம் வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காலம் முதல் வருடம். பேராசிரியரின் பரிகாரமோ, முதல் வருடம் முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்பது! ஆங்கிலம் போதாமல்தான் விழுகிறார்கள் என்று சொன்ன வாய், ஆங்கிலம் பிடிபடத் தொடங்குகிற மாதத்தில் ஆளை அனுப்பிவைக்கச் சொல்கிறது.

இப்போது அந்தப் பரிகாரத்துக்கே வருவோம். புதுக் கண்டுபிடிப்புப் போலத்தான் முன்வைக்கிறார். 2012 இன் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 30 கிரெடிட்டுக்கு டிப்ளோமா, 60க்கு உயர் டிப்ளோமா, 90க்கு மூன்று வருடப் பட்டம், 120க்கு சிறப்புப் பட்டம் என்று படிக்கட்டு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. இந்தியாவும் 2020 இன் தேசியக் கல்விக் கொள்கையில் முதல் வருடம் சான்றிதழ், இரண்டாம் வருடம் டிப்ளோமா என்று வாசல்களைத் திறந்தது. தமிழ்நாட்டில் அதை எதிர்த்தவர்கள் சொன்ன வாதமே போதும், நான் புதிதாக ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை: படிக்கட்டில் ஏறுகிறவர் ஒரு சாதி, இறங்குகிறவர் ஒரு சாதி என்றாகிவிடும். கொழும்புப் பிள்ளை 120 கிரெடிட்டும் முடிக்கும். லயத்துப் பிள்ளை 30 கிரெடிட்டோடு இறங்கும். இரண்டு பேரும் வெற்றிகரமாக முடித்தவர்கள் என்று அறிக்கையில் எழுதலாம். பஸ்ஸிலிருந்து தவறி விழுந்தவனையும் இறங்கியவன் கணக்கில் சேர்த்து டிக்கெட் புத்தகத்தைச் சரிக்கட்டும் கண்டக்டருக்கும் இந்தச் சீர்திருத்தத்துக்கும் என்ன வித்தியாசம்?

அந்த ஒரு வருடச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை என்ன செய்யும்? நிர்வாக சேவைப் பரீட்சைக்குப் பட்டம் வேண்டும். பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்குப் பட்டம் வேண்டும். அரசாங்கம் அவ்வப்போது வேலையற்ற பட்டதாரிகளைச் சேர்த்துக்கொள்கிறபோதும் கேட்பது பட்டத்தைத்தான். அரைத் தகைமை, அரைச் சம்பளம் என்பது மலையகத்துக்குப் புதிதல்ல. உயர்தரம் சித்தியடைந்தவர்களை ஆசிரிய உதவியாளர் என்று சொற்பக் கொடுப்பனவுக்கு எங்கள் பாடசாலைகளில் நிறுத்தி வருடக்கணக்கில் இழுத்தடித்த கதை எல்லாருக்கும் தெரியும். தோட்டத்தில் அரைப்பேர் போட்டது போதாதென்று பல்கலைக்கழகத்திலும் போட வேண்டுமாக்கும்.

இன்னும் ஒரு நினைவூட்டல். நாலு வருடப் பட்டம் நீண்டுபோகிறது, பிள்ளைகள் சலித்துப் போகிறார்கள் என்கிறார். யார் நீட்டினார்கள்? 2012 இல் விரிவுரையாளர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் கல்விக்கு வேண்டும் என்று நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; நியாயமான கோரிக்கை, நானும் கைதட்டியவன், பேராசிரியர் அன்று முன்வரிசையில் நின்றவர். 2024 இல் கல்விசாரா ஊழியர்கள் இரண்டு மாதத்துக்கும் மேல் வெளியே நின்றார்கள். நடுவில் கொரோனா, டீசல் வரிசை. மூடிய ஒவ்வொரு மாதமும் லயத்துப் பிள்ளைக்கு மீண்டும் ஒரு புறக்கோட்டை. அன்று 6 வீதம் கேட்ட வாய்க்கு இன்று செலவே இல்லாத ஒரு பரிகாரம் எப்படி ருசிக்கிறது?

மேற்கோளுக்கு அமெரிக்காவுக்குப் போனவர், அங்கே எது வேலை செய்தது என்பதைப் பார்க்காமல் திரும்பியதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் 2007 இல் ‘ஏசாப்’ என்றொரு திட்டம் தொடங்கியது. ஏழை மாணவர்களை இரண்டு வருடப் படிப்பிலிருந்து வெளியே அனுப்ப வழி தேடவில்லை. முழுநேரமும் படிக்கச் சொல்லி, கட்டணத்தில் விழுகிற துண்டை அடைத்து, பாடப்புத்தகத்துக்கு உதவி, பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு ஆலோசகரைக் கொடுத்து, ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மாதாந்தப் பயண அட்டையும் கொடுத்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டு குழுவாகப் பிரித்து ஆராய்ந்ததில், மூன்று வருடத்துக்குள் முடித்தவர்கள் திட்டத்தில் இருந்தோரில் 40 வீதம், இல்லாதோரில் 22 வீதம். ஆமாம், பஸ் காசு! தமிழ்நாட்டிலும் 2022 இலிருந்து புதுமைப் பெண், 2024 இலிருந்து தமிழ்ப் புதல்வன் என்று அரசுப் பாடசாலையிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் போடுகிறார்கள். ஆயிரம் பெரிய தொகையல்ல, ஆனால் மாதா மாதம் வருகிறது. இங்கேயும், பல்கலைக்கழகக் கடிதம் கைக்கு வருகிற அன்றே மகாபொலவின் முதல் தவணை கணக்கில் விழட்டும். பரீட்சைக்கும் அனுமதிக்கும் இடையிலுள்ள காலத்தில் உதவித்தொகையோடு ஓர் ஆங்கில வகுப்பு அவிசாவளையிலோ கேகாலையிலோ நடக்கட்டும். கேகாலையின் தோட்டப் பிரிவுகள் பின்தங்கிய பட்டியலுக்குள் வரட்டும். பல்கலைக்கழகங்கள் தோட்டத்துக்கு ஒரு நிரல் போட்டு, உள்ளே வந்தவர், முடித்தவர், முடிக்காதவர் என்று வருடாவருடம் வெளியிடட்டும். இதற்குப் பிறகும் பிள்ளைகள் திரும்பி வந்தால், ஊக்கத்தைப் பற்றிப் பேராசிரியர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறேன்.

வாதத்தை விட்டுவிட்டு வாதிடுகிறவரின் வரும்படியை ஆராய்வது பண்பல்ல என்பார்கள். ஆனால் கட்டுரையின் அடியில் தன்னை முன்னாள் பீடாதிபதி என்று மட்டும் போட்டுக்கொண்டவர், கொழும்பில் வெளிநாட்டுப் பட்டம் விற்கும் ஒரு கட்டண நிறுவனத்துக்குக் கல்வி ஆலோசகராக இருப்பதைப் போடாமல் விட்டது ஏன்? அந்த நிறுவனத்தின் முகநூல் விளம்பரம் என் ஃபோனிலும் வந்து விழுகிறது: ஓராண்டுச் சான்றிதழோ டிப்ளோமாவோ வைத்திருப்போருக்கு இரண்டாம் ஆண்டில் நேரடி அனுமதி, கட்டணம் தவணை முறையில், வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு உண்டு. இலவசப் பல்கலைக்கழகத்திலிருந்து கையில் சான்றிதழோடு இறக்கிவிடப்படும் பிள்ளை அடுத்து எந்த வாசலில் போய் நிற்கும் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை. பேராசிரியர் அடுத்த எண்ணில் பதில் எழுதப்போவதாகக் கேள்வி. எழுதட்டும். இந்தத் தடவை பெயருக்குக் கீழே இரண்டு பதவியையும் போட்டு வெளியிடும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.